கடந்த வினாத்தாள்களைக் கொண்டு உயர்தர இணைந்த கணிதத்துக்கு ஆயத்தமாகும் முறை

க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவர் எவரிடமும் கடந்தகால வினாத்தாள்கள் இல்லாமல் இருப்பதில்லை. புத்தகக் கடைகளில் ஆண்டுவாரியாகவும் அலகுவாரியாகவும் தொகுக்கப்பட்ட நூல்களாகவும், ரியூசனில் தரப்படும் போட்டோக்கொப்பிகளாகவும், பல்கலைக்கழகம் சென்றுவிட்ட அண்ணாமாரும் அக்காமாரும் விட்டுச்சென்ற கட்டுகளாகவும் அவை எப்படியோ வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆயினும் அவற்றைச் செய்து முடித்த எல்லோருக்கும் அவை ஒரே அளவில் பயன்படுவதில்லை. கிடைத்த தாள்களையெல்லாம் செய்து தள்ளியும் புள்ளி ஏறாத மாணவர்களும், குறைந்த எண்ணிக்கையிலான தாள்களை ஆற அமரச் செய்து ஏ சித்தி பெறும் மாணவர்களும் ஒரே வகுப்பில் அருகருகே இருந்து படிக்கிறார்கள். அவர்கள் அந்தத் தாள்களை எதற்காகக் கையில் எடுத்தார்கள் என்பதிலிருந்தே இந்த வேறுபாடு பெரும்பாலும் தொடங்குகிறது.

அடுத்த பரீட்சையில் எந்தக் கணக்கு வரும் என்று ஊகிப்பதற்காகப் பழைய வினாத்தாள்களைப் புரட்டுவதில் பயனில்லை. எந்த இலக்க வினாவில் எந்த அலகு இடம்பெறுகிறது, அந்த வினாவில் எந்தப் படிமுறைக்குப் புள்ளி வழங்கப்படுகிறது, அதற்கு எவ்வளவு நேரத்தைச் செலவிடலாம் என்பவற்றை அறிவதற்காகப் புரட்டினால் அவை பெரும் பயன் தரும். இந்த நோக்கத்துடன் வினாத்தாள்களை எவ்வாறு அணுகுவது என்பதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

வினாத்தாளின் அமைப்பும் புள்ளிகளின் நிறையும்

இணைந்த கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள்கள் உண்டு. முதலாவது தூய கணிதத்தையும், இரண்டாவது இயக்கவியல், நிலையியல், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல் ஆகியவற்றை உள்ளடக்கிய பிரயோக கணிதத்தையும் சோதிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 3 மணித்தியாலங்களும், அதற்கு மேலதிகமாக வாசிப்பதற்கு 10 நிமிடங்களும் தரப்படுகின்றன. ஏ பகுதியிலுள்ள 10 சிறிய வினாக்கள் அனைத்துக்கும் விடை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகள். பி பகுதியிலுள்ள 7 நீண்ட வினாக்களில் 5 க்கு விடை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளிகள். ஆகவே ஒரு வினாத்தாளுக்கு 250 உம் 750 உம் சேர்ந்து 1000 புள்ளிகள். அது 10 ஆல் வகுக்கப்பட்டு, இரண்டு தாள்களினதும் சராசரி இறுதிப் புள்ளியாகிறது. ஏ சித்திக்கு 75 தேவை.

இந்தக் கணக்கைப் பரீட்சைக்கு முன்னரே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏ பகுதியில் ஒரு முழு வினாவைத் தவறவிட்டால் இறுதிப் புள்ளியில் 1.25 குறைகிறது, பி பகுதியில் ஒரு முழு வினாவைத் தவறவிட்டால் 7.5 குறைகிறது. ஏ பகுதியின் இருபது வினாக்களும் சேர்ந்து இறுதிப் புள்ளியில் 25 ஐத் தருகின்றன. அவற்றை முழுமையாகப் பெறும் மாணவர், பி பகுதியில் எழுதும் பத்து வினாக்களில் மூன்றில் இரண்டு பங்கு புள்ளிகளைப் பெற்றாலே ஏ சித்தியை எட்டிவிடலாம். நீண்ட வினாக்களில் மட்டும் மாதக்கணக்கில் மூழ்கியிருக்கும் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறிய வினாக்களை நாளொன்றுக்கு இரண்டு என்ற அளவிலாவது, ஆண்டு முழுவதும் இடைவிடாமல் செய்துவாருங்கள்.

வினாக்களின் வரிசை

கடந்த பல ஆண்டுகளின் முதலாம் வினாத்தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அலகுகள் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் வருவது கண்ணுக்குத் தெரியும். ஏ பகுதி கணிதத் தொகுத்தறிவில் தொடங்கி, மட்டுச் சார்புகளின் வரைபும் சமனிலியும், ஆகண் வரிப்படம், ஈருறுப்பு விரிவு, எல்லை, தொகையீட்டின் மூலம் பரப்பளவு அல்லது சுழற்சியால் உண்டாகும் திண்மத்தின் கனவளவு, பரமான வடிவில் தரப்பட்ட வளையியின் தொடலி அல்லது செவ்வன், நேர்கோடு, வட்டம் என்று சென்று, திரிகோணகணிதத்தில் முடிகிறது. பி பகுதியில் 11 ஆம் வினா இருபடிச் சமன்பாடும் பல்லுறுப்பியும். 12 ஆம் வினா வரிசைமாற்றமும் சேர்மானமும், அவற்றுடன் தொடர். 13 ஆம் வினா தாயமும் சிக்கலெண்ணும். 14 ஆம் வினா பெறுதியைக் கொண்டு வளையி வரைதலும் உயர்வு இழிவு காணும் பிரசினமும். 15 ஆம் வினா தொகையீடு. 16 ஆம் வினா நேர்கோடும் வட்டமும். 17 ஆம் வினா திரிகோணகணிதம்.

இரண்டாம் வினாத்தாளின் ஏ பகுதியில் மொத்துகை, எறியம், கப்பித் தொகுதி, வாகனத்தின் வலு, காவி, கோலின் சமநிலை, உராய்வு, நிகழ்தகவு, புள்ளிவிபரவியல் என்பன இடம்பெறுகின்றன. இங்கு வரிசை சற்று இளக்கமானது. பி பகுதியின் வரிசை உறுதியானது. 11 இல் வேக-நேர வரைபும் சார்பு வேகமும், 12 இல் ஆப்பின் மீதான இயக்கமும் நிலைக்குத்து வட்ட இயக்கமும், 13 இல் மீள்தன்மை இழையுடன் எளிமை இசை இயக்கமும், 14 இல் காவியும் ஒருதள விசைகளும், 15 இல் மூட்டிய கோல்களும் சட்டப்படலும், 16 இல் திணிவு மையமும், 17 இல் நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் வருவதே வழமை.

இந்த ஒழுங்கு எழுதிக் கொடுக்கப்பட்ட உறுதிமொழி அன்று. வினா தயாரிப்போர் அதை மாற்றலாம். இடையிடையே சிறு மாற்றங்கள் நிகழ்ந்தும் இருக்கின்றன. எனினும் ஒரு மாணவர் தனது ஆயத்தத்தை இந்தப் பதினேழு கட்டங்களாகப் பிரித்துக்கொள்வதற்கு இது போதுமான அளவு நிலையானது.

போக்கு அட்டவணையைத் தயாரித்தல்

பெரிய தாள் ஒன்றை எடுத்து, இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக 1 முதல் 17 வரையான வினா இலக்கங்களையும், மேலே இடமிருந்து வலமாக அண்மைய பத்து ஆண்டுகளையும் எழுதுங்கள். இரண்டாம் வினாத்தாளுக்கு வேறொரு தாள். கடைகளில் விற்கப்படும் தொகுப்புகளிலும் இத்தகைய அட்டவணைகள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலும் அலகின் பெயர் மட்டுமே இருக்கும். நீங்களே தயாரிக்கும் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தரப்பட்டது, முதலாவதாக எடுக்க வேண்டிய அடி எது, இறுதியாக என்ன கேட்கப்பட்டது என்ற மூன்றையும் சுருக்கமாக எழுத வேண்டும். இதற்கு ஒவ்வொரு வினாவையும் உண்மையிலேயே செய்து பார்த்திருக்க வேண்டும் என்பதால், அட்டவணையை நிரப்புவதே ஒரு மீட்டலாகிவிடும்.

முதலாம் வினாத்தாளின் 14 ஆம் வினாவுக்குரிய நிரையை எடுத்துக்கொள்வோம். சார்பு ஒன்று தரப்படும். அதன் பெறுதி இன்ன வடிவில் அமையும் எனக் காட்டும்படி கேட்கப்படும். பின்னர் சார்பு அதிகரிக்கும், குறையும் ஆயிடைகள், திரும்பற் புள்ளிகளின் ஆள்கூறுகள், அணுகுகோடுகள் ஆகியவற்றைக் கண்டு வரைபை வரைய வேண்டும். சில ஆண்டுகளில் இரண்டாம் பெறுதியும் விபத்திப் புள்ளியும் சேர்ந்துகொள்ளும். வரைந்த வரைபைப் பயன்படுத்தி ஒரு சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வுகள் உண்டு என்றோ, ஒரு சமனிலி எப்போது உண்மையாகும் என்றோ கேட்கும் சிறிய பகுதியும் வருவதுண்டு. அதன் பின் ஒரு பாத்திரத்தின் அல்லது வேலியின் அளவுகளைக் கொண்ட உயர்வு இழிவுப் பிரசினம். பத்து ஆண்டுகளை ஒரே நிரையில் பார்க்கும்போது, வரைபுக்கு முந்திய பகுதி ஆண்டுக்காண்டு மாறுவதில்லை என்பதும், வரைபைப் பயன்படுத்தும் அந்தச் சிறிய பகுதியே புதிது புதிதாக மாறுகிறது என்பதும் தெளிவாகும். இது தெரிந்தபின், முந்திய பகுதியைக் கை தடுமாறாமல் விரைவாகச் செய்யும் அளவுக்குப் பழகிக்கொண்டு, சிந்தனைக்குரிய நேரத்தைக் கடைசிப் பகுதிக்கு ஒதுக்கலாம். நிலையானது எது, மாறுவது எது என்பதை இவ்வாறு ஒவ்வொரு நிரையிலும் வேறு வேறு நிறங்களால் குறித்துவையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 2019 ஆம் ஆண்டில் புதிய பாடத்திட்டத்துக்கும் பழைய பாடத்திட்டத்துக்கும் தனித்தனி வினாத்தாள்கள் நடைபெற்றன. அந்த ஆண்டின் தாளை எடுக்கும்போது புதிய பாடத்திட்டத்துக்குரியதா என்று தலைப்பைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அதற்கு முந்திய தாள்களில் வரும் ஒரு வினா இன்றைய பாடத்திட்டத்துக்குள் அடங்குமா என்ற ஐயம் எழுந்தால், தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் பார்த்துத் தீர்மானியுங்கள். நண்பர் சொன்னார் என்பதற்காக ஓர் உட்பகுதியைத் தள்ளிவிட வேண்டாம்.

“இம்முறை இது வராது” என்னும் பேச்சு

பரீட்சை நெருங்கும்போது எதிர்பார்க்கை வினாக்கள் என்ற பெயரில் தாள்கள் கைமாறத் தொடங்கும். இரண்டு ஆண்டுகளாக ஓர் உட்பகுதி வரவில்லை, ஆகவே இம்முறை நிச்சயம் வரும் என்பார்கள். சென்ற ஆண்டு வந்துவிட்டது, ஆகவே இம்முறை வராது என்பார்கள். நிகழ்தகவைப் பாடமாகவே கற்கும் மாணவர்கள் இத்தகைய வாதங்களை ஏற்றுக்கொள்வது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. ஓர் உட்பகுதி சென்ற ஆண்டு வந்தது என்ற செய்தி, இந்த ஆண்டின் வினாவைத் தயாரிப்பவரை எவ்வகையிலும் கட்டுப்படுத்துவதில்லை. வினாத்தாள்களின் போக்கு அலகின் இடத்தையும் புள்ளியின் பங்கீட்டையும் காட்டுமே தவிர, ஓர் அலகுக்குள் எந்தத் தேற்றம் வரும், எந்தத் தேற்றம் வராது என்று சொல்லும் வலிமை அதற்கில்லை.

பி பகுதியில் ஏழில் ஐந்தைத் தெரிவுசெய்யலாம் என்பதால் இரண்டு அலகுகளை முற்றாகக் கைவிடும் மாணவர்களும் உண்டு. வரிசைமாற்றம் விளங்கவில்லை என்று 12 ஐயும், சட்டப்படல் பிடிக்கவில்லை என்று 15 ஐயும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள். இதில் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது, நீண்ட வினாக்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று பகுதிகளைக் கொண்டவை. வரிசைமாற்றத்தை வெறுத்து 12 ஐ விடுபவர், தனக்கு நன்கு தெரிந்த தொடர்க் கணக்கையும் சேர்த்தே இழக்கிறார். இரண்டாவது, கைவிட்ட அலகு வேறிடத்தில் தலைகாட்டும். சேர்மானம் தெரியாதவர் இரண்டாம் தாளின் நிகழ்தகவில் இடர்ப்படுவார். பகுதிப் பின்னம் தெரியாதவருக்குத் தொடரும் தொகையீடும் ஒருங்கே தடைப்படும். எனது கருத்து இதுதான்: ஐந்து வினாக்களை எழுதுவதற்கு ஆறு வினாக்களுக்கு முழுமையாக ஆயத்தமாகுங்கள், ஏழாவதில் குறைந்தது ஒரு பகுதியையாவது செய்யக்கூடிய நிலையில் இருங்கள். பரீட்சை நாளில் உங்களுக்குப் பிடித்தமான வினா வழக்கத்தை விடக் கடினமாக அமைந்துவிட்டால் மாற்று வழி கையில் இருக்கும்.

புள்ளியிடும் திட்டத்தை வாசித்தல்

பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடும் திட்டத்தைப் பல மாணவர்கள் விடையைச் சரிபார்ப்பதற்கு மட்டும் திறக்கிறார்கள். உண்மையில் அது வினாத்தாளை விடவும் கவனமாக வாசிக்கப்பட வேண்டியது. அதில் புள்ளிகள் பெரும்பாலும் ஐந்து ஐந்தாகப் படிமுறைகளின் அருகே குறிக்கப்பட்டிருக்கும். இறுதி விடைக்கு உரியது அவற்றுள் ஓர் ஐந்து மட்டுமே. அதே திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகள் கிடைத்தால், எந்த வினாவை எத்தனை பேர் தெரிவுசெய்தார்கள், எந்த இடத்தில் புள்ளிகளை இழந்தார்கள், பரீட்சகர்கள் என்ன குறையைக் கண்டார்கள் என்பவற்றையும் அறியலாம்.

கணிதத் தொகுத்தறிவு வினாவை அருகில் வைத்துப் பார்ப்போம். அதற்குரிய 25 புள்ளிகள் பொதுவாக இவ்வாறு பிரிந்து கிடக்கும்: ஒன்றுக்கு முடிவு உண்மை என்பதை இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே கணித்துக் காட்டுவதற்கு 5, ஏதாவதொரு நேர் நிறைவெண்ணுக்கு முடிவு உண்மை என எடுத்துக்கொள்வதைத் தெளிவாக எழுதுவதற்கு 5, அடுத்த எண்ணுக்குச் சென்று, எடுகோளைப் பிரதியிட்டுச் சுருக்குவதற்கு 10, கணிதத் தொகுத்தறிவுக் கோட்பாட்டின்படி எல்லா நேர் நிறைவெண்களுக்கும் முடிவு உண்மை என்ற கடைசி வசனத்துக்கு 5. சுருக்கலைச் சரியாகச் செய்துவிட்டு, முடிவு வெளிப்படையானதுதானே என்று அந்த வசனத்தை எழுதாமல் விடும் மாணவர் தெரிந்த கணக்கில் ஐந்து புள்ளிகளை இழக்கிறார். அட்சரகணிதத்தில் தடுமாறும் மாணவரோ மற்ற மூன்று அடிகளையும் ஒழுங்காக எழுதிப் பதினைந்து புள்ளிகளைப் பெற்றுவிடலாம்.

புள்ளிவிபரவியலிலிருந்து இன்னோர் உதாரணம். ஐந்து நேர் நிறைவெண்களின் ஒரே ஆகாரம் 3, இடையம் 5, இடை 6, வீச்சு 8 எனத் தரப்பட்டு அவ்வெண்களைக் காணும்படி கேட்கப்பட்டால், சில மாணவர்கள் மனத்தினால் முயன்று 3, 3, 5, 8, 11 என்று விடையை மட்டும் எழுதிவிடுவார்கள். விடை சரி. ஆனால் ஏறுவரிசையில் நடுவிலுள்ள எண் 5 என்பதையும், ஆகாரம் 3 குறைந்தது இரு தடவைகள் வர வேண்டும், அது 5 இலும் சிறியது, ஆகவே முதலிரண்டு எண்களும் 3 ஆகவே இருக்க வேண்டும் என்பதையும், வீச்சு 8 ஆகையால் மிகப் பெரிய எண் 11 என்பதையும், கூட்டுத்தொகை 30 ஆகையால் எஞ்சிய எண் 8 என்பதையும் வரிவரியாக எழுதினாலன்றி முழுப் புள்ளிகளையும் எதிர்பார்க்க முடியாது. பரீட்சகருக்கு உங்கள் மனத்தில் ஓடியது தெரியாது. தாளில் இருப்பதற்கே அவர் புள்ளியிடுகிறார்.

பிரயோக கணிதத்தில் இதன் முக்கியத்துவம் இன்னும் அதிகம். விசைகளைக் குறித்த தெளிவான படம், எந்தத் தொகுதிக்கு எந்தத் திசையில் நியூற்றனின் இரண்டாம் விதி பிரயோகிக்கப்படுகிறது என்ற குறிப்பு, எந்தப் புள்ளி பற்றித் திருப்பம் எடுக்கப்படுகிறது என்ற குறிப்பு ஆகியவை இன்றி எழுதப்படும் சமன்பாடு, எழுதியவருக்கே அடுத்த பக்கத்தில் விளங்காமல் போகும். சட்டப்படல் வினாவில் போவின் குறிப்பீட்டின்படி தகைப்பு வரிப்படத்தைச் சரியாக வரைந்துவிட்டு, ஒவ்வொரு கோலிலும் உள்ளது இழுவையா உதைப்பா என்று குறிக்காமல் விடுவது, அறுவடையான நெல்லை வயலிலேயே விட்டுவிட்டு வருவதற்கு ஒப்பாகும். பருமனையும் வகையையும் ஓர் அட்டவணையில் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள்.

புள்ளியிடும் திட்டங்களை வரிசையாக வாசிக்கும்போது தெரியவரும் மற்றொரு விடயம், நீண்ட வினாக்கள் ஒரு சங்கிலியாகக் கோக்கப்பட்டிருப்பது. ஒரு முடிவைக் “காட்டுக” என்று கேட்டு, “இதிலிருந்து” அடுத்ததைக் காணும்படி சொல்வார்கள். காட்டும்படி கேட்கப்பட்ட முடிவை நிறுவ முடியாமல் போனாலும், வினாவிலேயே தரப்பட்டிருக்கும் அந்த முடிவைப் பயன்படுத்தி அடுத்த பகுதியைச் செய்வதற்குத் தடையில்லை. அதற்குரிய புள்ளிகளும் கிடைக்கும். முதற்பகுதி வரவில்லை என்று வினா முழுவதையும் வெட்டிவிட்டுச் செல்வதே பெரிய இழப்பு. மறுபுறம், “இதிலிருந்து” என்று கேட்கப்பட்ட இடத்தில் முந்திய முடிவைப் பயன்படுத்தாமல் வேறு வழியால் விடை கண்டால் புள்ளி குறையக்கூடும். வேறு விதமாகவும் செய்யலாம் என்று வினாவில் அனுமதி இருந்தால் மாத்திரம் உங்களுக்கு விருப்பமான வழியில் செல்லுங்கள்.

நேரத்தைப் பங்கிடுதல்

புள்ளிகளின் விகிதப்படி பார்த்தால் 180 நிமிடங்களில் ஏ பகுதிக்கு 45 நிமிடங்களும், பி பகுதியின் ஒவ்வொரு வினாவுக்கும் 27 நிமிடங்களும் கிடைக்கும். நடைமுறையில் பத்துச் சிறிய வினாக்களை 45 நிமிடங்களில் முடிப்பது பெரும்பாலானோருக்குக் கடினம். ஏ பகுதிக்கு 55 நிமிடங்கள், நீண்ட வினா ஒவ்வொன்றுக்கும் 24 நிமிடங்கள், எஞ்சும் 5 நிமிடங்கள் சரிபார்ப்பதற்கு என்ற பங்கீடு பலருக்கும் பொருந்தும். உங்கள் கையின் வேகத்தை நீங்களே அளந்து இதைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். ஆனால் ஏதோ ஒரு பங்கீடு இருக்க வேண்டும், அதைப் பரீட்சைக்குப் பல மாதங்களுக்கு முன்பே பழகியிருக்கவும் வேண்டும். சிறிய வினா ஒன்றில் எட்டு நிமிடங்கள் கடந்தும் வழி தென்படவில்லையெனில், செய்ததை வெட்டாமல் அப்படியே விட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

இணைந்த கணிதப் பரீட்சையில் கணிப்பானுக்கு அனுமதியில்லை. வீட்டில் பயிற்சி செய்யும்போது கைத்தொலைபேசியில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள், மண்டபத்தில் ஒரு பின்னத்தைச் சுருக்குவதற்கே நிமிடங்களைச் செலவிடுவார்கள். தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருவதே நல்லது.

வினாத்தாள்களை எந்த ஒழுங்கில் செய்வது

தரம் 12 இல் ஓர் அலகு முடிந்தவுடன் அந்த அலகுக்குரிய கடந்தகால வினாக்களை மட்டும் செய்யுங்கள். அப்போது நேரக் கட்டுப்பாடு வேண்டாம். தரம் 13 இல் பாடத்திட்டம் நிறைவை நெருங்கும்போது முழுத் தாளாகச் செய்யத் தொடங்கலாம். அண்மைய மூன்று ஆண்டுகளின் தாள்களை மட்டும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்; போக்கு அட்டவணையில் அவற்றுக்குரிய கட்டங்களை அவற்றைச் செய்த பின்னர் நிரப்பலாம். வகுப்பில் அவற்றைச் செய்வித்தால் தவிர்க்க இயலாதுதான். ஆயினும் நீங்களாக அவற்றைப் பார்க்காதிருந்தால், கடைசி இரண்டு மாதங்களில் உங்களை நீங்களே நேர்மையாக அளந்துகொள்ளக் கையில் மூன்று தாள்கள் இருக்கும். அவற்றைக் காலையில், மேசையில் மணிக்கூட்டை வைத்து, வாசிப்பு நேரம் உட்பட, இடையில் எழும்பாமல் செய்ய வேண்டும். பின்னர் புள்ளியிடும் திட்டத்தை வைத்து நீங்களே புள்ளியிடுங்கள். அதைவிடச் சிறந்தது, படிக்கும் தோழர் ஒருவருடன் தாளை மாற்றிக்கொள்வது. மற்றவருடைய விடையில் எழுதப்படாத படிமுறையைக் கண்டுபிடிக்கும் கண், சிறிது காலத்தில் தனது விடையிலும் அதைக் காணப் பழகிவிடும்.

யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு இன்னுமொரு வாய்ப்பு உண்டு. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சை வினாத்தாள்களும், மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சையின் வினாத்தாள்களும் தமிழ் மொழிமூலத்திலேயே, உயர்தரப் பரீட்சையின் அமைப்பில் கிடைக்கின்றன. முன்னறியாத வினாவை எதிர்கொள்ளும் பயிற்சியை இவை தருகின்றன. ஆனால் இவற்றில் வரும் மிகக் கடினமான ஒரு கணக்கைக் கண்டு மனம் தளர்ந்துவிட வேண்டாம். போக்கு அட்டவணையில் இவற்றைச் சேர்க்கவும் வேண்டாம். போக்கு என்பது உண்மையான பரீட்சைத் தாள்களிலிருந்து மட்டுமே எடுக்கப்பட வேண்டும்.

தவறுகளுக்கென ஒரு சீஆர் கொப்பியை ஒதுக்குங்கள். செய்த கணக்கு முழுவதையும் அதில் திரும்ப எழுதத் தேவையில்லை. ஆண்டு, வினா இலக்கம், எந்த அடியில் தவறியது, ஏன் தவறியது என்று இரண்டு வரிகள் போதும். “குறி மாறியது”, “வீச்சைச் சரிபார்க்கவில்லை”, “கணத்தாக்கின் திசையைப் படத்தில் குறிக்கவில்லை” என்பன போன்ற குறிப்புகள் சேரச் சேர, ஒரே தவறு வெவ்வேறு அலகுகளில் திரும்பத் திரும்ப வருவது தெரியும். தீவகத்திலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் நகரத்து வகுப்புகளுக்கு வந்துபோகும் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைப் பேருந்திலேயே கழிக்கிறார்கள். அங்கே கணக்குச் செய்ய முடியாது. இந்தக் கொப்பியை வாசிக்கலாம். ரியூசன் வகுப்புகளின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று இடங்களுக்குச் செல்லும் மாணவர், பிறர் செய்து காட்டும் கணக்குகளைப் பார்ப்பதிலேயே காலத்தைச் செலவிடுகிறார். தனியே இருந்து செய்யும் நேரம் வகுப்பில் இருக்கும் நேரத்தைவிடக் குறைந்துவிடக் கூடாது. பெற்றோரும் இதைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

பரீட்சைக் காலமும் மண்டபமும்

முன்னர் ஆகஸ்ட் மாதத்தில் நடைபெற்றுவந்த உயர்தரப் பரீட்சை, 2024 ஆம் ஆண்டில் நவம்பர் 25 ஆம் திகதி ஆரம்பித்தது; சீரற்ற வானிலையால் இடையில் நிறுத்தப்பட்டு, டிசெம்பரில் மீண்டும் தொடர்ந்தது. நவம்பர், டிசெம்பர் வடக்கில் பெருமழைக்குரிய மாதங்கள். வெள்ளமும் மின்தடையும் எதிர்பாராதவை அல்ல என்பதால், தொலைபேசியில் மட்டும் சேமித்து வைத்திருக்கும் வினாத்தாள்களையும் குறிப்புகளையும் முன்கூட்டியே அச்செடுத்து, பொலித்தீன் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலமாகிய இருபத்தைந்து நாட்களிலும் நகரத்து வகுப்புகளின் ஒழுங்கு சற்றுக் குலைவதுண்டு; முழுத் தாள்களை வீட்டில் செய்து பார்ப்பதற்கு அது ஏற்ற காலம்.

மண்டபத்தில் கிடைக்கும் பத்து நிமிட வாசிப்பு நேரத்தை பி பகுதிக்கே செலவிடுங்கள். ஏ பகுதியில் தெரிவு இல்லை. அதை வாசித்துத் தீர்மானிக்க வேண்டியது எதுவுமில்லை. பி பகுதியின் ஏழு வினாக்களையும் கடைசி வரி வரை வாசித்து, உறுதியாகச் செய்யக்கூடிய மூன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எஞ்சிய இரண்டை எழுதும்போது தீர்மானிக்கலாம். ஏ பகுதிக்கு வினாத்தாளிலேயே தரப்பட்ட இடத்தில் விடை எழுத வேண்டும். இடம் போதாவிட்டால் மேலதிகத் தாளைப் பயன்படுத்தலாம். பி பகுதிக்கு விடைத்தாள்களில் எழுதி, நேர முடிவில் ஏ பகுதி மேலே இருக்கத்தக்கதாக இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒப்படைக்க வேண்டும். கட்டுவதற்கு முன்னர் ஒவ்வொரு தாளிலும் சுட்டெண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பி பகுதியின் வினாத்தாளை மட்டும் வெளியே கொண்டுவரலாம். அதை அன்று மாலை நண்பர்களுடன் விடை ஒப்பிடுவதற்கு எடுக்காமல், அடுத்த வினாத்தாள் முடியும் வரை மடித்து வைத்துவிடுங்கள்.